பாக்கெட்டைத் திருப்புங்க பாஸ்!

கொழுகொழு நாய்க்குட்டி, பளபளன்னு ஒரு சிக்கன் துண்டு, பக்கத்துல கேரட், பச்சைப் பட்டாணி... பெட் ஷாப்ல அடுக்கி வெச்சிருக்கிற பாக்கெட்டுகளோட முன்பக்கம் எல்லாமே இப்படித்தான் சிரிக்கும். அந்தச் சிரிப்புல மயங்கி பாக்கெட் மணியைக் காலி பண்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை பண்ணுங்க. பாக்கெட்டைத் திருப்புங்க! பின்னாடி பொடி எழுத்துல ஒரு பட்டியல் இருக்கும். உங்க வீட்டு ஜிம்மி தினமும் சாப்பிடப் போறது முன்பக்கப் படத்தை இல்லை, அந்தப் பட்டியலைத்தான்.

நமக்காவது காலையில இட்லி, மதியம் கேன்டீன், ராத்திரி பரோட்டான்னு மாத்தி மாத்தி உள்ளே போகுது. ஒண்ணுல இல்லாத சத்து இன்னொண்ணுல வந்துடும். பாக்கெட் உணவை மட்டுமே நம்பி வாழுற ஜீவனுக்கு அந்த சாய்ஸ் கிடையாது. வருஷம் முழுக்க அதே உருண்டைதான். அதுல ஒரு குறை இருந்தா, அது தினசரிக் குறை!

முதலிடம் யாருக்கு?

பட்டியலின் முதல் விதி ரொம்ப சிம்பிள். எது எடையில் அதிகமோ அது முதலில் வரும். ஸோ, முதல் பெயர் 'சிக்கன்'னு இருந்தா சூப்பர்னு முடிவு பண்ணிடலாமா? அவசரப்படாதீங்க. அந்த எடை, வேகவைத்து உலர்த்துவதற்கு முன்னால் போட்ட எடை. பச்சைக் கோழிக்கறியில் சுமார் 70 சதவிகிதம் தண்ணீர். உலர் உருண்டையில் மிஞ்சுகிற ஈரப்பதமோ 10 சதவிகிதத்தை ஒட்டித்தான் இருக்கும்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். 30 கிலோ சிக்கன், 22 கிலோ மக்காச்சோளம், 14 கிலோ மக்காச்சோள குளூட்டன். பட்டியலில் சிக்கன்தான் ஃபர்ஸ்ட் ரேங்க். ஆனா, தண்ணீர் போனதும் சிக்கனில் மிஞ்சுவது 9 கிலோ. சோளம் ஏற்கெனவே காய்ந்த சரக்கு, பெரிசா குறையாது. அதோட, ஒரே சோளம் ரெண்டு பெயரில் பிரிஞ்சு நிக்குது பாருங்க... சேர்த்தா 36 கிலோ! அதனால முதல் பெயரோட நிறுத்தாம முதல் அஞ்சாறு பெயரையும் படிங்க. ஒரே தானியம் வேற வேற வேஷத்துல வந்தா கூட்டிப் பாருங்க.

'சிக்கன் மீல்'னு இருந்தா முகம் சுளிக்காதீங்க. இது நம்ம மீல்ஸ் இல்லை. தண்ணீரையும் பெரும்பகுதி கொழுப்பையும் நீக்கிப் பொடியாக்கிய கறி. எடைக்கு எடை பார்த்தா, இதுல பச்சைக் கறியைவிடப் புரதம் அதிகம்.

ஈரல்னா இளக்காரமா?

'பை-புராடக்ட்'னு பார்த்ததும் பலர் "ஐயே, கழிவு!"ன்னு பாக்கெட்டைத் திரும்ப வெச்சிடறாங்க. அந்த வார்த்தைக்குள் ஈரல், சிறுநீரகம், மண்ணீரல் எல்லாம் வரும். நம்ம ஊர் மெஸ்ல ஈரல் வறுவலையும் சுவரொட்டியையும் க்யூ கட்டி சாப்பிடறோம். அப்புறம் ஜிம்மி சாப்பிட்டா மட்டும் என்ன தப்பு? அவையெல்லாம் சத்துள்ள உறுப்புகள். ஆனா, எந்த மிருகத்தோடதுன்னு பெயரைச் சொல்லணும். 'சிக்கன் ஈரல்'னா தெளிவு. வெறும் 'இறைச்சி சார்ந்த பொருட்கள்'னா, இந்த மாசம் ஒண்ணு, அடுத்த மாசம் வேறொண்ணு இருக்க இடமுண்டு.

முன்பக்க எழுத்திலும் சூட்சுமம் இருக்கு. அமெரிக்காவில் 'ஆஃப்கோ' என்கிற தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கத்தின் விதிப்படி, 'வித் சிக்கன்'னு போட 3 சதவிகிதம் சிக்கன் இருந்தாலே போதும். 'சிக்கன் டின்னர்'னா 25 சதவிகிதம். 'சிக்கன் ஃப்ளேவர்'னா குறைந்தபட்ச அளவே கிடையாது, ருசி தெரிஞ்சா சரி. ஹாஸ்டல் சாம்பார்ல காய் தேடின அனுபவம் இங்கே கைகொடுக்கும்!

கலர் கலர் உருண்டைகளா? நாய்க்குச் சிவப்பையும் பச்சையையும் பிரிச்சுப் பார்க்க வராது. அந்தக் கலர் உங்களுக்காகத்தான்.

பட்டியல் சொல்லாத கதை

இப்போ சீரியஸான விஷயம். பட்டியலை நல்லாப் படிச்சாலே போதுமா? 2007 மார்ச்சில் மெனு ஃபுட்ஸ் என்கிற கனடா நிறுவனம் 6 கோடிக்கும் மேற்பட்ட டின்களையும் பவுச்சுகளையும் திரும்பப் பெற்றது. அதைச் சாப்பிட்ட பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் செயலிழந்து செத்துக்கொண்டிருந்தன. லேபிளில் இருந்ததோ 'கோதுமை குளூட்டன்' என்கிற அப்பாவிப் பெயர். சீனாவிலிருந்து வந்த அந்தச் சரக்கில், பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் மெலமின் கலக்கப்பட்டிருந்தது.

ஏன் கலந்தாங்க? கெமிஸ்ட்ரி ஸ்டூடன்ட்ஸ் கவனிக்க. புரதத்தை அளக்கும் வழக்கமான சோதனை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, 6.25-ஆல் பெருக்கி, 'இவ்வளவு புரதம்' என்கிறது. மெலமின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். கொஞ்சம் தூவினாலே மட்டமான மாவும் டிஸ்டிங்ஷனில் பாஸ்! மெலமினும் அதோடு வந்த சயனூரிக் அமிலமும் சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாக உறைந்தன. அதே மோசடி 2008-ல் சீனாவின் குழந்தைப் பால் பவுடரில் வெளிப்பட்டது. 6 குழந்தைகள் இறந்தன. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 3 லட்சம் பேர்.

ஸோ, பட்டியல் பெயரைச் சொல்லும். தரத்தைச் சொல்லாது. அதைச் சோதிப்பது கம்பெனியின் பொறுப்பு, கேட்பது நம்ம உரிமை. ஃபார்முலாவை வகுத்தது யார், கால்நடை ஊட்டச்சத்து நிபுணர் இருக்காரா, எந்தத் தொழிற்சாலையில் தயாராகுது, வர்ற மூலப்பொருளை எப்படிச் சோதிக்கறீங்க... கஸ்டமர் கேருக்கு போன் போட்டுக் கேளுங்க. மழுப்பினா அதுவே ஒரு பதில்.

பூனைக்கு வேற பரீட்சை

'நாய் உணவுதானே, பூனைக்கும் போட்டுடலாம்'னு நினைக்காதீங்க. டாரின் என்கிற சத்தைப் பூனையின் உடல் போதிய அளவு தயாரிக்காது, உணவில்தான் வரணும். 1987-ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கடையில் விற்ற உணவையே சாப்பிட்ட பூனைகளுக்கு டாரின் குறைவால் இதயத் தசை பலவீனமானதைக் கண்டுபிடித்தார்கள். டாரின் கொடுத்ததும் பல பூனைகள் தேறின. அதற்குப் பிறகுதான் கம்பெனிகள் டாரின் அளவைக் கூட்டின.

'தானியமே இல்லை' என்கிற பெருமையும் தனியாகத் தரச் சான்று ஆகாது. பட்டாணி, பருப்பு நிறைந்த இந்த வகை உணவுக்கும் நாய்களின் இதய நோய்க்கும் தொடர்பிருக்குமோ என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018-ல் விசாரணை தொடங்கியது. இதுதான் காரணம் என்று நிரூபிக்கப் போதுமான ஆதாரம் இல்லை என்று 2022-ல் சொன்னது.

கடையில் நிற்கும்போது...

* 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்ற வரி இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா அது நொறுக்குத் தீனி, சாப்பாடு இல்லை.

* குட்டிக்கா, வளர்ந்ததுக்கா? லேப்ரடார் மாதிரி பெரிய இனக் குட்டிகளுக்கு அதுக்குன்னே இருக்கிற உணவுதான் வேணும். கால்சியம் மிஞ்சினாலும் எலும்பு கெடும்.

* ஈர உணவையும் உலர் உணவையும் அப்படியே ஒப்பிடாதீங்க. 10 சதவிகித ஈரமுள்ள பாக்கெட்டில் 24 சதவிகிதப் புரதம் என்றால், தண்ணீரைக் கழித்தால் சுமார் 27. டின்னில் 8 சதவிகிதம்தான் போட்டிருக்கும். அதன் 78 சதவிகித ஈரத்தைக் கழித்தால் அது 36!

* புது உணவுக்கு மாறும்போது ஒரு வாரம் பழையதோடு கலந்து, கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க.

* பாக்கெட் காலியாகும்வரை கவரைத் தூக்கிப் போடாதீங்க. தொடர்ந்து வாந்தி, சோர்வு வந்தா டாக்டர்கிட்ட அந்தக் கவரோட போங்க. எந்தச் சரக்குல கோளாறுன்னு கண்டுபிடிக்க பேட்ச் நம்பர்தான் உதவும்.

வாயில்லா ஜீவன் தட்டுல போட்டதைக் கேள்வி கேட்காம சாப்பிடும். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியது நீங்கதான்!