கண்ணுக்குப் புலப்படாத வலி

பல்வலி வந்தால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஊரறியச் சொல்கின்றோம். தலைவலி வந்தால் பற்றுப் போட்டுக்கொண்டு படுக்கின்றோம். வெளியே சொல்ல நாணும் இடத்தில் வலி வந்தால் என் செய்வது? பெண்ணின் பிறப்புறுப்பின் வெளிப்பகுதியில் எரிச்சலாகவும் குத்தலாகவும் திங்கட்கணக்கில் நீடிக்கும் வலியொன்று உண்டு. அதனைப் பற்றியே இன்று பேசப் போகின்றேன். தலை நரைத்த ஆசிரியனுக்கு இப்பேச்சு எதற்கு எனச் சிலர் எண்ணலாம். கண்ணையும் காதையும் பற்றிப் பாடம் நடத்தியவன் இவ்வுறுப்பை மட்டும் விட்டுவிடுவானேன்?

மருத்துவர்கள் இதனை வல்வோடினியா என்கின்றனர். வலி மூன்று திங்களேனும் நீடித்து, அதற்குத் தெளிவான வேறு காரணம் கிட்டாதபோதே இப்பெயர் பொருந்தும். புண் இராது, வீக்கம் இராது. ஆயினும் உட்கார்ந்தால் வலி, இறுக்கமான உடை பட்டால் வலி. மணமானவர்க்கு இல்லறத்திலும் வலி. இது புதிய நோயன்று. 1880களிலேயே தாமஸ், ஸ்கீன் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் இதனைக் குறித்துள்ளனர். பின்னர் நெடுங்காலம் இதனைக் கருதுவார் அரிதாயினர்.

எங்கள் சடையங்குப்பத்தைச் சுற்றிலும் மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகள். ஆபத்து நேர்ந்தால் ஊதவேண்டிய சங்கு, ஆபத்தின்றியே இரவும் பகலும் ஊதினால் எப்படியிருக்கும்? அவ்விடத்து நரம்புகளும் அவ்வாறே மெல்லிய தொடுதலையும் வலியென முழங்குகின்றன. வலிக்கு அஞ்சி இடுப்பின் அடித்தளத் தசைகள் இறுகுகின்றன. இறுகிய தசை மேலும் வலிக்கின்றது.

என்னுடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவர் நாள் முழுதும் நின்றே பாடம் நடத்துவார், நாற்காலியில் அமரார். அவருடைய இசைவுடன் இதனைக் கூறுகின்றேன். வீட்டார் ‘சூடு’ என்று மோரும் வெந்தயமும் கொடுத்தனர். மருந்துக் கடைக்காரர் பூஞ்சை என்று களிம்பு மாற்றிக் களிம்பு தந்தார். மருத்துவர் ஒருவரோ, “ஒன்றும் காணோமே, எல்லாம் மனம்தான்” என்றாராம். காணவில்லை என்பதால் இல்லை என்று முடிவு கட்டுவது அறிவியலாகுமா? மூன்றாமவரான பெண் மருத்துவர், தொற்றும் தோல்நோயும் இல்லையெனத் தேர்ந்தபின், பஞ்சு சுற்றிய குச்சியால் மெல்லத் தொட்டு வலிக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டார். இதற்கு வேண்டும் சோதனை அவ்வளவே!

ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட நாணிப் பெண்கள் நோயோடு வீட்டிலேயே கிடந்த காலம் ஒன்றிருந்தது. அதனைக் கண்ட மேரி ஷார்லீப் அம்மையார் 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து பயின்றார். 1885இல் பெண்களுக்கெனவே மருத்துவமனை தொடங்கினார். அதுவே இன்று திருவல்லிக்கேணிப் பக்கம் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக விளங்குகின்றது. எங்கள் வட்டாரத்தார்க்கு இராயபுரத்தில் அரசினர் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை உண்டு. பெண் மருத்துவர்கள் வந்துவிட்டனர். நாணம் மட்டும் இன்னும் போகவில்லை.

இந்நோய்க்கு ஒற்றை மருந்து இல்லை. லிடோகெயின் களிம்பு சிறிது நேரம் மரத்துப்போகச் செய்யும். அமிட்ரிப்டிலின் மாத்திரையைச் சிறு அளவில் தருவதுண்டு. மனச்சோர்வுக்கும் அது தரப்படுவதால், ‘நம்மைப் பைத்தியம் என்கின்றனரோ’ என அஞ்சுவோர் உளர். நரம்பின் வலியைத் தணிக்கவே அது, எல்லார்க்கும் பலிப்பதுமில்லை. நான் பெரிதும் மதிப்பது இயன்முறை மருத்துவத்தையே. இறுகிய தசைகளைத் தளர்த்தப் பழக்குவர். வாரங்கள் பல செல்லும், பொறுமை வேண்டும். வலியோடு வரும் அச்சத்தைக் களைய உளநல ஆலோசனையும் துணை செய்யும். வாயிற்பகுதியில் மட்டும் வலி நின்று, வேறெதற்கும் அடங்காதபோதே அறுவை. மணமுள்ள சோப்பை அவ்விடத்தில் தவிர்த்து, பருத்தி உள்ளாடை உடுத்தலும் நன்று.

மாணவியரே, உங்களுக்கோ வீட்டில் எவருக்கேனுமோ இவ்வலி இருப்பின், மருத்துவரிடம் செல்லுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: வலி தொடங்கிய திங்கள், எது பட்டால் மிகுகின்றது, இதுவரை பூசிய களிம்புகளின் பெயர்கள். வாய் திறக்கக் கூசினால் அத்தாளை நீட்டினாலே போதும்.