தடி யார் கையில்? சண்டையைப் பென்சிலில் வரைவது பற்றி

விழுப்புரம் பக்கத்தில், பம்பை ஆற்றங்கரையில் உள்ள ஊர் திருவாமாத்தூர். அங்கே அபிராமேசுவரர் கோயில் வட்டப்பாறையின் முன் பொய்ச் சத்தியம் செய்தால் தண்டனை நிச்சயம் என்பது நம்பிக்கை. கடன், பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு எதுவானாலும் "வட்டப்பாறையில வந்து சத்தியம் பண்றியா?" என்பதுதான் எங்க பக்கத்தில் கடைசிக் கேள்வி.

அதற்கு ஒரு கதை உண்டு. தம்பியின் பங்கை ஏமாற்றிய அண்ணன், பொருளைத் தன் கைத்தடிக்குள் ஒளித்து வைத்தான். சத்தியம் செய்யும்போது தடியைத் தம்பியிடமே கொடுத்துவிட்டு, "எல்லாம் அவனிடம்தான் இருக்கு" என்றான். சொன்னது நிஜம், செய்தது மோசடி. பிறகு தும்பூரில் பாம்பு கடித்து இறந்தான் என்பார்கள்.

இந்தக் காட்சியைப் பென்சிலில் வரையப் பார்த்தேன். கோபமான முகங்களாகப் போட்டதில் சினிமா போஸ்டர் மாதிரி ஆகிவிட்டது. நிஜச் சண்டையில் முகம் அவ்வளவு பேசாது. இருவருக்கும் நடுவே உள்ள இடைவெளி, பாதம் திரும்பியிருக்கும் திசை, வேடிக்கை பார்ப்பவர் யார் பக்கம் நிற்கிறார் என்பதுதான் பேசும். செல்போனை நீட்டினால் சண்டையே மாறிவிடும். பார்த்து வைத்துக்கொண்டு பிறகு வரைபவனுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இதற்கு நல்ல பாடம் சோம்நாத் ஹோர். விளைச்சலில் பாதி போதாது, மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று வங்கத்துக் குத்தகை விவசாயிகள் நடத்திய தேபாகா போராட்டத்தை, 1946 இறுதியில் ரங்பூருக்குப் போய் நாட்குறிப்பாகவும் கோட்டோவியமாகவும் பதிவு செய்தார். அடிதடியை மட்டும் தேடாமல், கூட்டத்தையும் அறுவடையையும் வரைந்தார்.

ஓவியம் யார் சொல்வது உண்மை என்று தீர்ப்பு சொல்லாது. தடியைக் காட்டலாம், உள்ளே இருப்பதைக் காட்ட முடியாது. ஆனால் யார் எங்கே நின்றார்கள் என்பதைக் காட்டும்.

அப்புறம் எங்க வீட்டுக் கதையையே வரைந்தேன். கிணற்றுப் பங்குத் தகராறில் அப்பாவும் சித்தப்பாவும் பேச்சை விட்டு இருபது வருஷம் ஆகிறது. படத்தை அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். "உன் சித்தப்பா அவ்ளோ தூரத்துல நிக்கலடா. கிட்டதான் நின்னான்" என்றார்.

அழித்து, கிட்டே வைத்து வரைந்தேன். பழைய கோடு இன்னும் லேசாகத் தெரிகிறது.