கையில் ரெண்டு ஏஸ்... எவ்வளவு பெட் வைக்கணும்?

நாகலூர் காபி எஸ்டேட்ல தங்கப் போறீங்க. சாயங்காலம் பனி இறங்கியாச்சு, சிக்னல் போச்சு, சீட்டுக்கட்டு வெளியே வருது. காசுக்குப் பதில் காபிக்கொட்டை. (ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் போக்கரை 2025 ஆகஸ்ட்டில் வந்த மத்திய சட்டம் தடை செய்துவிட்டது. கொட்டைதான் நல்லது!)

நோ-லிமிட் போக்கரில் முதல் ரெண்டு சீட்டும் ஏஸாக வருவது சராசரியாக 221 கைக்கு ஒருமுறைதான். அந்த உற்சாகத்தில் மொத்தக் கொட்டையையும் நடுவில் தள்ளினால், எல்லோரும் சீட்டைக் கவிழ்த்துடுவாங்க. கிடைப்பது பிளைண்டாகப் போட்ட 1+2, ஆக 3 கொட்டை! ரெய்ஸ் பண்ணாமல் எல்லோரையும் உள்ளே விட்டாலும் ஆபத்துதான். எதிரில் ஒருவர் என்றால் ஏஸ் ஜோடி சுமார் 85% ஜெயிக்கும். ஐந்து பேர் என்றால் 49 சதவிகிதம்தான்.

அதனால் பெரிய பிளைண்டைப் போல மூன்று மடங்கு, அதாவது 6 வைங்க. முன்னாடியே ஒருத்தர் 2 போட்டு உள்ளே வந்திருந்தால் 8.

நீங்க 6 வைத்து, பெரிய பிளைண்ட் மட்டும் தொடர்ந்தால் பாட் 13. மூன்று சீட்டு திறக்குது, அதில் ரெண்டு ஹார்ட்டின். அவர் கையிலும் ரெண்டு ஹார்ட்டின் இருந்தால், அடுத்த சீட்டில் ஃப்ளஷ் விழ வாய்ப்பு 19%. நீங்க 3 மட்டும் வைத்தால், 16 கொட்டையைப் பிடிக்க அவர் 3 போட்டால் போதும். 16% வாய்ப்பே அவருக்குக் கட்டுப்படியாகும். அதையே 8 வைத்துப் பாருங்க... 28% தேவை. கால் பண்ணினால், கணக்குப்படி நஷ்டம் அவருக்கு.

ஒண்ணு மட்டும். ஏழு ஜோடி வந்தாலும் அதே 6 வைங்க. ஏஸுக்கு மட்டும் தொகை மாறினால், மூணாவது ரவுண்டிலேயே கூட்டம் கண்டுபிடிச்சுடும்.