இரவு 2 மணி வரை செஸ்... காலை 8.45-க்கு பரீட்சை! - மேற்குச் சென்னையின் சாம்பியன்கள் உருவான கதை

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் வேலப்பன்சாவடி ஜங்ஷனை, திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கிருந்து சில கிலோமீட்டரில் மேல் அயனம்பாக்கம். அங்குள்ள வேலம்மாள் வித்யாலயா பள்ளியில் 2013-ல் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் செஸ் வகுப்பில் சேர்ந்தான். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். பாட்டு கிளாஸ், கராத்தே கிளாஸ் மாதிரி அதுவும் ஒரு கிளாஸ், அவ்வளவுதான்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனைத் தோற்கடித்து, அந்தச் சிறுவன் உலக சாம்பியன் ஆனான். டி.குகேஷுக்கு அப்போது வயது 18. அதற்கு முன், 22 வயதில் பட்டம் வென்ற காஸ்பரோவ்தான் மிக இளைய சாம்பியனாக இருந்தார். 1985-ல் அவர் வைத்த சாதனை அது. 14 ஆட்டங்கள் முடிவில் குகேஷ் எடுத்த புள்ளிகள் ஏழரை. நம் ஊரில் ஏழரை என்றால் சனிதான் ஞாபகத்துக்கு வரும். குகேஷுக்கோ அந்த ஏழரைதான் மகுடம்!

இதே மேற்குச் சென்னையில், பாடியில் இன்னொரு வீடு இருக்கிறது. அங்கே அக்கா வைஷாலி, தம்பி பிரக்ஞானந்தா என இரண்டு பேருமே கிராண்ட்மாஸ்டர்கள். அக்கா - தம்பியாக இருவரும் கிராண்ட்மாஸ்டர் ஆனது உலக செஸ் வரலாற்றிலேயே இதுதான் முதல்முறை.

`பிறவி மேதை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம்தான். ஆனால் இந்தப் பிள்ளைகள் வளர்ந்த விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால், அந்த ஒரு வார்த்தை போதாது என்று புரியும்.

கார்ட்டூனை நிறுத்த வந்த செஸ் போர்டு

வைஷாலிக்குச் சின்ன வயதில் டி.வி-யில் கார்ட்டூன் பார்ப்பதென்றால் உயிர். அந்தப் பழக்கத்தைக் குறைக்க வேண்டும் என்றுதான் பெற்றோர் அவரை செஸ் வகுப்பில் சேர்த்தார்கள். செல்போனைப் பிடுங்க வழி தேடும் இன்றைய பெற்றோர் போலத்தான் அவர்களும். உலக சாம்பியன் கனவெல்லாம் அப்போது யாருக்கும் இல்லை.

அக்கா காய் நகர்த்துவதைப் பார்த்துக்கொண்டே இருந்த தம்பிக்கும் ஆசை வந்துவிட்டது. அப்பா ரமேஷ்பாபு கூட்டுறவு வங்கி ஊழியர். ஒரு பிள்ளையின் பயிற்சி, போட்டி, பயணச் செலவே பெரிதாக இருக்கும்போது இரண்டாவது பிள்ளையும் வேண்டுமா என்று அவர் தயங்கியிருக்கிறார். மகனை செஸ் பக்கம் விட வேண்டாம் என்றே முதலில் நினைத்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பையன்தான் போர்டை விட்டு நகரவில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகம். 2013-ல் 8 வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டம், 2015-ல் 10 வயதுக்குட்பட்டோர் பட்டம், 2016-ல் 10 வயது 10 மாதத்தில் இன்டர்நேஷனல் மாஸ்டர். அப்போது உலகிலேயே மிக இளைய இன்டர்நேஷனல் மாஸ்டர் பிரக்ஞானந்தாதான்.

அக்காவும் சளைத்தவர் இல்லை. 2012-ல் 12 வயதுக்குட்பட்ட சிறுமிகளுக்கான உலகப் பட்டம் அவருடையது. 2013-ல் சென்னைக்கு வந்த மேக்னஸ் கார்ல்சன், ஒரே நேரத்தில் பல பேருடன் விளையாடிய காட்சி ஆட்டத்தில், 12 வயது வைஷாலி அவரைத் தோற்கடித்தார். ஆனாலும் தம்பி புகழ் பெற்றதும், முதலில் விளையாட வந்த வைஷாலி `பிரக்ஞானந்தாவின் அக்கா’ ஆகிவிட்டார். அந்த அடையாளத்தோடே பல வருடம் ஆடி, 2023 டிசம்பரில் அவரும் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

அம்மா நாகலட்சுமியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை முழுமையாகாது. 2023-ல் அஜர்பைஜானின் பாகு நகரில் நடந்த உலகக் கோப்பையில், மகனை ஓரமாக நின்று பார்த்துச் சிரித்த அவருடைய படம் உலகம் முழுக்கப் பரவியது. வெளிநாட்டுப் போட்டிகளுக்குக் கிளம்பும்போது இண்டக்‌ஷன் ஸ்டவ்வும் பாத்திரமும் அவர் பெட்டியில் இருக்கும். எந்த நாடாக இருந்தாலும் பிள்ளைகளுக்குச் சோறும் ரசமும் கிடைத்துவிடும். வருடத்தில் பல மாதம் பெட்டியோடு திரிவது எவ்வளவு களைப்பான வேலை என்பது அந்தப் படத்தில் தெரியாது.

ஆபரேஷன் தியேட்டரை விட்டு வந்த அப்பா

குகேஷின் அப்பா ரஜினிகாந்த், காது மூக்குத் தொண்டை அறுவை சிகிச்சை நிபுணர். அம்மா பத்மா நுண்ணுயிரியல் நிபுணர். மகன் தொடர்ந்து வெளிநாட்டுப் போட்டிகளில் ஆட வேண்டிய கட்டம் வந்தபோது அப்பா தன் மருத்துவத் தொழிலை நிறுத்திவிட்டுக் கூடவே கிளம்பினார். வீடு அம்மாவின் சம்பளத்தில் ஓடியது. ஒரு கட்டத்தில் அதுவும் போதாமல், பெற்றோரின் நண்பர்கள் பண உதவி செய்தார்கள். பட்டம் வென்ற பிறகு குகேஷே இதை நன்றியோடு பேசியிருக்கிறார்.

ஏன் இவ்வளவு பயணம்? சென்னையிலேயே ஆடினால் ஆகாதா? இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு சிக்கல் இருக்கிறது. கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு 2500 ரேட்டிங் மட்டும் போதாது. `நார்ம்’ எனப்படும் தகுதியை மூன்று முறை பெற வேண்டும். அதற்கு வழக்கமாக ஒன்பது சுற்றுகள் கொண்ட போட்டியில், கிராண்ட்மாஸ்டர்களும் வெளிநாட்டவரும் கலந்த எதிராளிகளுக்கு எதிராக 2600 ரேட்டிங் தரத்தில் ஆடிக் காட்ட வேண்டும். அப்படிப்பட்ட போட்டிகள் ஐரோப்பாவில்தான் அதிகம். ஆகவே விமானம், விசா, ஹோட்டல், கூடவே ஒரு பெரியவர். திறமை இருந்தும் பல பிள்ளைகள் நின்றுபோகும் இடம் இதுதான்.

நான்காம் வகுப்புக்குப் பிறகு குகேஷ் வழக்கம்போலப் பள்ளிக்குப் போகவில்லை. முழு நேரமும் செஸ். பள்ளியும் அதற்கு இடம் கொடுத்தது.

`அப்படியானால் நம் பிள்ளையையும் ஸ்கூலை விட்டு நிறுத்திவிடலாமா?’ என்று யோசிப்பவர்கள், 2022 மே மாதம் நடந்ததையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆன்லைன் போட்டி ஒன்றின் அரையிறுதியில், 16 வயது பிரக்ஞானந்தா நெதர்லாந்தின் அனிஷ் கிரியைத் தோற்கடித்தார். ஆட்டம் முடிந்தபோது நம் நேரம் இரவு 2 மணி. வெற்றிக்குப் பின் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டவர்களிடம், காலை 8.45-க்குப் பள்ளியில் இருக்க வேண்டும், பதினோராம் வகுப்புப் பரீட்சை என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார் பையன். விஸ்வநாதன் ஆனந்தும் லயோலா கல்லூரியில் பி.காம் முடித்தவர்தான்.

பக்கத்துப் பக்கத்து ஏரியாவில் வளர்ந்த இரண்டு பிள்ளைகள் போனது இரண்டு பாதை. இரண்டுமே உச்சிக்குக் கொண்டுபோயிருக்கின்றன. பள்ளியை விடுவதுதான் மேதையாகும் ரகசியம் என்று குகேஷைக் காட்டி யாராவது சொன்னால், பிரக்ஞானந்தாவின் பரீட்சை ஹாலை அவர்களுக்கு ஞாபகப்படுத்துங்கள். படிப்பை விட்டுவிட்டு, செஸ்ஸிலும் ரேட்டிங் ஏறாமல் நடுவில் நிற்கும் பிள்ளைகளைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

கம்ப்யூட்டருக்குத் தடை!

இன்று செஸ் கற்கும் எந்தக் குழந்தையும் முதலில் கேட்பது கம்ப்யூட்டரைத்தான். எந்த நகர்வு சரி, எது தப்பு என்று நொடியில் மென்பொருள் சொல்லிவிடும். ஆனால் 2017-ல் குகேஷுக்குப் பயிற்சியாளராக வந்த கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா நேர் எதிராகச் செய்தார். கிராண்ட்மாஸ்டர் ஆகும் வரை மென்பொருள் வேண்டாம். நீயாக யோசி, நீயாகத் தப்பு செய், நீயாகத் திருத்திக்கொள். கணக்குக்குக் கால்குலேட்டர் கொடுக்காத பழைய காலத்து வாத்தியார் மாதிரி! எல்லாப் பயிற்சியாளர்களும் இதை ஏற்பதில்லை. ஆனால் சிக்கலான நிலையில் பதற்றமில்லாமல் நெடுநேரம் கணக்குப் போடும் குகேஷின் பழக்கம் அந்த வருடங்களில்தான் உருவானது.

திறமை பற்றி ஆராய்ச்சியாளர்கள் என்ன சொல்கிறார்கள்? 1973-ல் அமெரிக்காவில் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். நிஜ ஆட்டம் ஒன்றின் நடுவில் காய்கள் நிற்கும் நிலையை ஐந்து நொடி காட்டிவிட்டு, மறுபடி அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர் கிட்டத்தட்ட அப்படியே அடுக்கினார், புதியவர் தடுமாறினார். பிறகு காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டினார்கள். இப்போது மாஸ்டரும் புதியவரைப் போலவே தடுமாறினார்! அதாவது, மாஸ்டருக்கு இருப்பது பொதுவான அபார ஞாபகசக்தி இல்லை. ஆயிரக்கணக்கான ஆட்டங்களைப் பார்த்துப் பார்த்து மனதில் படிந்த வடிவங்கள்தான்.

அப்படியானால் யார் வேண்டுமானாலும் உழைத்தால் போதுமா? அதுவும் இல்லை. ஃபெர்னாண்ட் கோபே, கில்லர்மோ காம்பிடெல்லி இருவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், மாஸ்டர் நிலையை எட்ட ஒருவருக்கு சுமார் 3,000 மணி நேரம் போதுமானதாக இருந்தது, இன்னொருவருக்கு 23,000 மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒரே உழைப்பு எல்லோருக்கும் ஒரே பலனைத் தராது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு உங்கள் பிள்ளையை ஒப்பிடும்போது இந்த இரண்டு எண்களை நினைத்துக்கொள்வது நல்லது.

17 நாள் தாமதம்

உலகின் மிக இளைய கிராண்ட்மாஸ்டர் என்ற சாதனை அப்போது செர்ஜி கர்யாகினிடம் இருந்தது. வயது 12 ஆண்டு 7 மாதம். முதலில் பிரக்ஞானந்தா அதை முறியடிப்பார் என்று பத்திரிகைகள் நாள் எண்ணின. கெடு தாண்டிப் போய், 2018 ஜூனில் இத்தாலியில்தான் அவர் பட்டம் பெற்றார். அடுத்து குகேஷ். 2019 ஜனவரி 15-ல் டெல்லியில் அவர் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது சாதனையைத் தவறவிட்டது வெறும் 17 நாளில்.

அன்றைக்கு அது பெரிய ஏமாற்றமாகத் தெரிந்தது. இப்போது திரும்பிப் பார்த்தால்? கர்யாகின் 2016-ல் உலகப் பட்டத்துக்கு மோதி, கார்ல்சனிடம் தோற்றார். 17 நாள் தாமதமாக வந்தவர் உலக சாம்பியன். `இத்தனை வயதுக்குள் இதைச் செய்தே ஆக வேண்டும்’ என்று பிள்ளைக்குக் கெடு வைக்கும் பெற்றோர் கவனிக்க!

இவர்களின் தோல்விகளையும் பார்க்க வேண்டும். 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடில் குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து ஜெயித்தார். தனிநபர் தங்கமும் அவருக்குத்தான். ஆனால் பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம், ஜெயிக்கும் நிலையிலிருந்து தோற்றார். அந்த ஒரு தோல்வியால் அணியின் தங்கக் கனவு கலைந்து, வெண்கலமே கிடைத்தது. சொந்த ஊரில், அத்தனை பேர் பார்க்க, 16 வயதில் அப்படித் தோற்பது லேசான விஷயமில்லை.

2024 ஏப்ரலில் டொரண்டோவில் கேண்டிடேட்ஸ் போட்டி. ஏழாவது சுற்றில் ஃபிரூஜாவிடம் தோல்வி. மறுநாள் ஓய்வு நாள். அந்தத் தோல்விதான் தனக்குப் புது வேகம் கொடுத்தது என்று குகேஷ் பிறகு சொன்னார். போட்டியை ஜெயித்ததும் அவர்தான். அதே வருடம் செப்டம்பரில் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் குகேஷும் பிரக்ஞானந்தாவும் இருந்த இந்திய ஆண்கள் அணிக்குத் தங்கம். வைஷாலி இருந்த பெண்கள் அணிக்கும் தங்கம்.

அக்கம்பக்கம் முக்கியம்

இவ்வளவு பேர் ஒரே ஊரிலிருந்து வருவது தற்செயல் இல்லை. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவல் ஆரோன், 1972-ல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் தால் செஸ் கிளப்பைத் தொடங்கினார். சிறுவன் ஆனந்த் பெரியவர்களோடு ஆடிப் பழகிய இடம் அது. ஆனந்தைப் பார்த்து அடுத்த தலைமுறை வந்தது. பிரக்ஞானந்தா, வைஷாலிக்குப் பயிற்சி கொடுத்த ஆர்.பி.ரமேஷ், தன் ஆட்ட வாழ்க்கையைக் குறைத்துக்கொண்டு 2008-ல் செஸ் குருகுலம் தொடங்கியவர். முகப்பேரிலும் மேல் அயனம்பாக்கத்திலும் பள்ளிகளே போட்டிக்கு லீவு கொடுத்தன. பக்கத்து பெஞ்சிலேயே தன்னைத் தோற்கடிக்க ஓர் ஆள் இருந்தால் எந்தப் பிள்ளையும் வேகமாக வளரும்.

2013 நவம்பரில் ஆனந்தும் கார்ல்சனும் சென்னையில் உலகப் பட்டத்துக்கு மோதினார்கள். பார்வையாளர் வரிசையில் ஏழு வயது குகேஷும் உட்கார்ந்திருந்தார். அந்தக் கண்ணாடி அறைக்குள் ஒருநாள் நாமும் இருந்தால் எப்படி இருக்கும் என்று அன்று நினைத்தாராம்.

2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை. நெதர்லாந்தின் கடலோரக் கிராமமான வைக் ஆன் ஜீயில் டாடா ஸ்டீல் போட்டியின் கடைசி நாள். குகேஷும் பிரக்ஞானந்தாவும் சமமான புள்ளிகளில். இருவரும் கடைசிச் சுற்றில் தோற்றுப்போனதால், பட்டத்துக்கு இருவருமே மோத வேண்டியதாயிற்று. மேல் அயனம்பாக்கம் பள்ளிப் பையனும் முகப்பேர் பள்ளிப் பையனும் எதிரெதிரே! மின்னல் வேக ஆட்டங்களில் முதலாவதை குகேஷ் ஜெயித்தார், இரண்டாவதை பிரக்ஞானந்தா. மூன்றாவதிலும் பிரக்ஞானந்தாவே ஜெயித்துக் கோப்பையைத் தூக்கினார். உலக சாம்பியன், தன் ஏரியாக்காரரின் கையைக் குலுக்கிவிட்டு எழுந்தார்.