நூல் அறுந்தால் தறி நிற்கும்

ஒரு தொழிற்சாலையில் எது வீணாகிறது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? குப்பைத் தொட்டியில் கிடப்பது என்பீர்கள். சரிதான். ஆனால் தொட்டிக்கே வராத வீணும் உண்டு. அது கண்ணில் படாது. அதைத் துரத்திப் பிடித்தவர்களின் கதை இது.

ஜப்பானில் சாகிச்சி டொயோடா என்று ஒருவர் இருந்தார். தச்சரின் மகன். அவருடைய அம்மா தறியில் துணி நெய்வார். அதைப் பார்த்து வளர்ந்த பையன், நல்ல தறி செய்வதிலேயே வாழ்நாளைக் கழித்தார். 1924ல் அவர் முடித்த தானியங்கித் தறியில் ஒரு நூல் அறுந்தால் போதும், தறி தானாகவே நின்றுவிடும்.

நிற்பதில் என்ன பெருமை என்கிறாயா? நல்ல கேள்வி! அது நிற்காமல் ஓடினால் என்ன ஆகும், யோசித்துப் பார். கெட்ட துணி கஜம் கஜமாக வந்துகொண்டே இருக்கும். நூலும் வீண், நேரமும் வீண், உழைப்பும் வீண்.

அந்தக் குடும்பம் பிறகு கார் செய்யத் தொடங்கியது. ஆமாம், தெருவில் பார்க்கிறாயே, அதே டொயோட்டாதான். நூல் ஆலையில் வேலை பார்த்த தாயிச்சி ஓனோ என்ற பொறியாளர் 1943ல் கார் ஆலைக்கு வந்தார். தறியின் குணத்தை ஆலை முழுவதற்கும் கொண்டுவந்தார். கார்கள் வரிசையாக நகரும் பாதையின் பக்கத்தில் ஒரு கயிறு தொங்கும். ஒரு திருகு சரியாக மாட்டவில்லையா? தொழிலாளி கயிற்றை இழுப்பார், விளக்கு எரியும், மேற்பார்வையாளர் ஓடி வருவார். சட்டென்று சரிசெய்ய முடியவில்லை என்றால் பாதையே நின்றுவிடும். சாதாரணத் தொழிலாளி ஒருவர் ஆலையை நிறுத்தலாம்! எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நிறுத்தியபின் என்ன செய்வார்கள்? உன்னைப் போலவே 'ஏன்? ஏன்?' என்று கேட்பார்கள். ஓனோ சொன்ன உதாரணம் இது. மெஷின் ஏன் நின்றது? ஃபியூஸ் போய்விட்டது. ஏன் போனது? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை, பாரம் கூடிவிட்டது. ஏன் எண்ணெய் போதவில்லை? பம்பு சரியாக இறைக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லை, இரும்புத் தூள் உள்ளே போய்விட்டது. பார்த்தாயா! முதல் 'ஏன்' கேட்டதோடு நிறுத்திப் புது ஃபியூஸ் போட்டிருந்தால், மறுபடியும் மெஷின் நின்றிருக்கும்.

ஓனோ ஏழு வகை வீண்களைப் பட்டியல் போட்டார். காத்திருப்பது, சாமான்களை இங்கும் அங்கும் தூக்கிச் சுமப்பது எல்லாம் அதில் உண்டு. எல்லாவற்றிலும் மோசமானது எது தெரியுமா? தேவைக்கு மேல் செய்து குவிப்பது! ஒரு ஜூஸ் கடைக்காரர் காலையிலேயே நூறு டம்ளர் மாம்பழ ஜூஸ் அடித்து வைத்துவிட்டார், ஆனால் ஆளே வரவில்லை என்று வைத்துக்கொள். பழம், சர்க்கரை, பணம் எல்லாமே மாட்டிக்கொண்டன. பழத்தில் ஏதோ கோளாறு என்பதுகூட நூறும் கெட்டபின்தான் தெரியவரும். அதனால் ஓனோவின் ஆலையில், பொருள் தீரத் தீர ஓர் அட்டை அதைச் செய்த இடத்துக்குத் திரும்பிப் போகும். அட்டை வந்தால்தான் அடுத்தது செய்யலாம். புரிகிறதா? புரியாவிட்டால் இந்தப் பத்தியை இன்னொரு முறை படி. அவசரமே இல்லை.

இதெல்லாம் உண்மையில் பலன் தந்ததா? அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்தே பார்த்துவிட்டார்கள். 1986ல் ஜெனரல் மோட்டார்ஸ் என்ற அமெரிக்கக் கார் கம்பெனியின் ஃபிரேமிங்ஹாம் ஆலையையும், ஜப்பானில் டொயோட்டாவின் தகவோகா ஆலையையும் ஒப்பிட்டார்கள். ஒரு காரின் பாகங்களைப் பொருத்தி முடிக்க அமெரிக்க ஆலைக்கு 31 மணி நேர உழைப்பு, ஜப்பான் ஆலைக்கு 16. நூறு கார்களில் அங்கே 130 குறைகள், இங்கே 45. அங்கே இரண்டு வாரத்துக்கான பாகங்கள் குவிந்து கிடந்தன. இங்கே இரண்டு மணி நேரத்துக்குத்தான் இருந்தன!

இரண்டு மணி நேரம்! எனக்கே கொஞ்சம் பயமாக இருக்கிறது. உனக்கு?

பயந்தது நடந்தேவிட்டது. 1997 பிப்ரவரி 1 அன்று கரியா நகரில் ஐசின் என்ற கம்பெனியின் ஆலை தீப்பிடித்தது. டொயோட்டா கார்களின் பிரேக்குக்கு வேண்டிய ஒரு சின்ன வால்வு ஏறக்குறைய முழுவதும் அங்கேதான் தயாராகிக்கொண்டிருந்தது. கையில் இருப்பும் மிகக் கொஞ்சம். சில நாட்களில் ஜப்பானில் டொயோட்டாவின் கார் வேலையே படுத்துவிட்டது. அக்கம்பக்கக் கம்பெனிகள் கைகொடுத்தன. தையல் மெஷின் செய்யும் பிரதர் கம்பெனிகூட வால்வு செய்து கொடுத்தது! அதனால் சீக்கிரமே மீண்டும் வேலை ஓடியது.

2011ல் ஜப்பானில் பெரிய நிலநடுக்கம் வந்தபின் டொயோட்டா இன்னும் ஒரு பாடம் படித்தது. கார்களுக்கு வேண்டிய மின்னணுச் சில்லுகளைச் சில மாதங்களுக்குப் போதுமான அளவு சேர்த்து வைக்கும்படி, தனக்குப் பாகம் தருபவர்களிடம் சொன்னது.

குவியலே கூடாது என்றவர்கள், இப்போது தாங்களே ஒரு குவியல் போடச் சொல்கிறார்கள். அது வீணா, இல்லையா? நன்றாக யோசித்து, உன் பதிலை ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பு. 'ஏன்' என்பதையும் மறக்காமல் எழுது!