மஹல்லாவின் பொதுநிதி

பள்ளிவாசலைச் சூழ்ந்து வாழும் மக்களை நாம் மஹல்லாவாசிகள் என்கிறோம். இதே அரபுச் சொல் உதுமானியரின் இஸ்தான்பூல் நகரிலும் வழங்கியது. அங்கு முஸ்லிம் மஹல்லாவின் பொறுப்பாளர் பள்ளிவாசல் இமாமே. 1829-இல் முக்தார் என்னும் பதவி ஏற்படும்வரை இந்நிலை நீடித்தது. மஹல்லாவாசிகள் ஒருவருக்கொருவர் பிணை நின்றனர்.

போர் முதலிய நெருக்கடிகளுக்கென அரசு விதித்த வரி 'அவாரிஸ்' எனப்பட்டது. அது தனி மனிதர்மீதன்றி, வீடுகளின் தொகுதிமீது விதிக்கப்பட்டது. ஓர் ஏழையால் செலுத்த இயலாவிடில் அச்சுமை அண்டை வீட்டாரைச் சேர்ந்தது. இதற்குப் பரிகாரமாக எழுந்ததே அவாரிஸ் வக்ஃபு. வசதியுள்ளோர் மஹல்லாவுக்கெனப் பணத்தை வக்ஃபு செய்தனர். முதல் குறையாமல் அது கடனாக வழங்கப்பட்டது. அதன் வருவாய் ஏழைகளின் வரிக்கும், நோயாளிகளின் தேவைக்கும், ஆதரவற்றோரின் கஃபனுக்கும், நீர்வழிகளின் பழுதுக்கும் செலவாயிற்று. வறியவர் வீடுவீடாகக் கையேந்த வேண்டியதில்லை. மஹல்லாவாசி என்பதே அவருடைய உரிமையாயிற்று.

ஆயினும் அவ்வருவாய் வந்த வழி, பதினாறாம் நூற்றாண்டு உலமாக்களிடையே பெரும் விவாதத்தைக் கிளப்பியது. கடனுக்கு நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை பெறப்பட்டது. அது வட்டியாகாதிருக்க விற்பனை வடிவிலான உபாயங்கள் கையாளப்பட்டன. 1545 முதல் 1574 வரை ஷைகுல் இஸ்லாமாக விளங்கிய அபுஸ்ஸுஊத் எஃபெந்தி, மக்களின் வழக்கத்தையும் பொதுநலனையும் கருதி பண வக்ஃபை அனுமதித்தார். தடுத்தால் எண்ணற்ற அறப்பணிகள் அழியும் என அஞ்சினார். 1573-இல் மறைந்த இமாம் பிர்கிவியோ, செலவழிந்து போகும் பணம் வக்ஃபுக்குரிய நிலைத்த பொருளன்று என்றும், இம்முறை வட்டிக்கு வாயில் திறக்கிறது என்றும் கடுமையாக மறுத்தார்.

இருவரையும் இயக்கியது இறையச்சமே என நாம் கருதுகிறோம். ஒருவர் ஏழையின் பசியை எண்ணினார். மற்றவர் அவன் உண்ணும் உணவின் தூய்மையை எண்ணினார். இமாம் ஸுஃபரின் மாணவர் வழி வந்த பழைய ஹனஃபி கருத்தொன்று இவ்விரண்டையும் இணைக்கிறது: வக்ஃபுப் பணத்தை முளாரபா எனும் கூட்டு வணிகத்தில் ஈடுபடுத்தி, உண்மையில் கிட்டிய இலாபத்தைத் தர்மம் செய்க என்பதே அது. அதில் நட்டமும் நேரலாம். ஆனால் நிச்சயித்த வட்டி இல்லை.

மஹல்லா நிதி திரட்ட அமரும் நம் ஜமாஅத்தார் இரு வினாக்களை எழுப்பிக்கொள்வது நலம்: இப்பணம் எவ்வழியில் பெருகுகிறது? இதைப் பெறுபவர் தலைகுனியாமல் பெறுகிறாரா?