லாரி, டிரெய்லர்களுக்கு டயர் அழுத்தக் கண்காணிப்புக் கருவி: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை என்ன?

நாக்பூர்: மும்பை - நாக்பூர் இடையேயான 701 கிலோமீட்டர் நீள சம்ருத்தி விரைவுச் சாலை, 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்தது. சிக்னலோ குறுக்குச் சாலையோ இல்லாத இத்தகைய கான்கிரீட் சாலைகளில் சரக்கு லாரிகள் மணிக்கணக்கில் நிற்காமல் ஓடுகின்றன. கோடையில் நாக்பூர் பகுதியின் வெப்பநிலை 45 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது. வண்டியை எங்கும் நிறுத்தாத பயணத்தில், காற்று குறைந்துவரும் ஒரு டயரை முன்கூட்டியே கண்டறிவது எப்படி என்பதே லாரி உரிமையாளர்கள் முன்னுள்ள கேள்வி.

டயர் அழுத்தக் கண்காணிப்பு அமைப்பு எனப்படும் டிபிஎம்எஸ் கருவி இதற்கு விடையாகக் கூறப்படுகிறது. ஆனால், காருக்கு ஏற்ற கருவி அனைத்தும் லாரிக்கு ஏற்றதல்ல. லாரிக்குப் பொருந்துவது அனைத்தும் டிரெய்லருக்குப் பொருந்துவதில்லை.

ஓட்டுநருக்குத் தெரியாமல் போவது ஏன்?

கார் டயரில் காற்று குறைந்தால் ஸ்டியரிங் ஒருபக்கம் இழுக்கும். மூன்று அச்சு டிரெய்லரை இழுத்துச் செல்லும் 10 சக்கர வாகனத்தில் மொத்தம் 22 டயர்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை ஜோடியாகப் பொருத்தப்பட்டவை. ஜோடியில் ஒன்று காற்றை இழந்தால், அதன் சுமையையும் பக்கத்து டயர் ஏற்றுக்கொள்கிறது. வண்டி வழக்கம்போல ஓடுவதால் ஓட்டுநருக்கு எந்த அறிகுறியும் கிடைப்பதில்லை.

காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் அளவுக்கு மீறி மடிந்து விரிகிறது. அதனால் உண்டாகும் வெப்பம் டயரின் உள்கட்டமைப்பைச் சிதைக்கிறது. கூடுதல் சுமை தாங்கும் பக்கத்து டயரும் சூடேறுகிறது. புறப்படும் முன் இரும்புக் கம்பியால் தட்டி ஓசையை வைத்துக் கணிக்கும் பழக்கம், முற்றிலும் காற்றிழந்த டயரைக் காட்டிக்கொடுக்கும். 110 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயரில் 90 பிஎஸ்ஐ மட்டுமே இருப்பதை அது காட்டாது.

நேரடிக் கருவியே தேவை

கார்கள் சிலவற்றில் உள்ள மறைமுக முறை, சக்கரங்களின் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டு அழுத்தக் குறைவை ஊகிக்கிறது. ஜோடி டயர்கள் ஒன்றாகச் சுழலும் கனரக வாகனங்களுக்கு இது ஏற்றதல்ல. ஒவ்வொரு டயரிலும் தனித்தனி சென்சார் பொருத்தப்படும் நேரடி முறையே இங்கு பயன்தரும்.

அதிலும் அளவிடும் வரம்பை முதலில் பார்க்க வேண்டும். கார் டயர்களின் அழுத்தம் பொதுவாக 30 முதல் 35 பிஎஸ்ஐ. கனரக லாரி டயர்களில் அது 100 பிஎஸ்ஐ-யைத் தாண்டும். திரைக்கான மின் இணைப்பும் கவனிக்கத்தக்கது. கார்களில் 12 வோல்ட் மின்சாரமும், கனரக லாரிகளில் பொதுவாக 24 வோல்ட் மின்சாரமும் பயன்படுகின்றன.

வெளியிலா, உள்ளேயா?

வால்வின் மீது மூடிபோலத் திருகப்படும் வெளிப்புற சென்சாரை டயரைக் கழற்றாமலேயே பொருத்தலாம். பல வகைகளில் பேட்டரியை மாற்றவும் முடியும். ஆனால், திருட்டுக்கும் கல் அடிக்கும் எளிதில் ஆளாகும். சென்சாரின் எடையைத் தாங்க உலோக வால்வு இருப்பது நல்லது. சென்சாரைக் கழற்றாமலேயே காற்று நிரப்பும் வசதி இல்லையென்றால், ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டும் சிரமத்தால் நாளடைவில் அது கைவிடப்படும்.

ரிம்மில் பொருத்தப்படும் உட்புற சென்சாருக்குத் திருட்டு அச்சமில்லை. டயருக்குள் இருக்கும் காற்றின் வெப்பநிலையையும் அது கூடுதல் துல்லியமாக அளக்கும். பிரேக் பிடித்தபடியே ஓடுவதால் சக்கரம் சூடேறுவதையும் இந்த அளவீடு உணர்த்தக்கூடும். அதேவேளையில், பேட்டரி தீர்ந்தால் டயரைக் கழற்ற வேண்டும். பஞ்சர் கடையிலும் ரீட்ரெட் பட்டறையிலும் உள்ளே சென்சார் இருப்பதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், நெம்புகோல் பட்டு உடையும். டியூப் உள்ள டயர்களுக்கு உட்புற சென்சார் பொருந்தாது. அவை டியூப்லெஸ் டயர்களுக்கானவை.

கடைசி அச்சு வரை சிக்னல்

சென்சார்கள் குறைந்த திறன் கொண்ட ரேடியோ அலைகள் மூலம் தகவல் அனுப்புகின்றன. இரும்புச் சட்டங்களையும் கண்டெய்னரையும் கடந்து, டிரெய்லரின் கடைசி அச்சிலிருந்து ஓட்டுநர் அறைக்கு அந்த சிக்னல் வந்து சேர வேண்டும். இதற்கு டிரெய்லரில் தனி ரிப்பீட்டர் தேவைப்படலாம்.

நவி மும்பையின் ஜவாஹர்லால் நேரு துறைமுகம் போன்ற இடங்களில் சரக்கு எடுக்கும் வாகனங்கள் அடிக்கடி டிரெய்லரை மாற்றுகின்றன. புதிய டிரெய்லரின் சென்சார்களைக் கருவி தானாக அடையாளம் காணாவிட்டால், முந்தைய டிரெய்லரின் டயர்களே திரையில் நீடிக்கும். சிக்னல் நின்றுபோனால் பழைய அளவையே காட்டிக்கொண்டிராமல், 'தகவல் இல்லை' என்று எச்சரிப்பதும் கட்டாயம் இருக்க வேண்டிய அம்சம்.

எச்சரிக்கை அளவை நிர்ணயிப்பது எப்படி?

காலையில் 25 டிகிரியில் 110 பிஎஸ்ஐ நிரப்பிய டயர், ஓடி 60 டிகிரி சூடேறும்போது சுமார் 125 பிஎஸ்ஐ காட்டும். இது இயல்பானது. உயர் அழுத்த எச்சரிக்கையை 120-இல் வைத்தால் கருவி ஒவ்வொரு நண்பகலும் ஒலிக்கும். ஓட்டுநர் ஒலியை அணைத்துவிடுவார். பிறகு உண்மையான ஆபத்தின்போதும் அது ஒலிக்காது.

இதன் மறுபக்கம் மேலும் முக்கியமானது. 60 டிகிரியில் சரியாக 110 பிஎஸ்ஐ காட்டும் டயர், குளிர்ந்த நிலையில் ஏறக்குறைய 97 பிஎஸ்ஐ மட்டுமே கொண்டது. எனவே அழுத்தத்துடன் வெப்பநிலையையும் சேர்த்துக் காட்டும் கருவியே உண்மை நிலையை உணர்த்தும். சூடான டயரில் அளவு கூடியிருப்பதைக் கண்டு காற்றை இறக்கிவிடுவது தவறு. ஆறியபின் அது குறைந்த காற்றுடன் நிற்கும்.

பரிந்துரைக்கப்பட்ட அளவைவிட 20 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைந்த நிலையில் ஓடிய டயரைக் காற்றிழந்து ஓடிய டயராகவே கருதி, மீண்டும் காற்று நிரப்பும் முன் கழற்றிப் பரிசோதிக்க வேண்டும் என்பது டயர் துறையின் பொதுவான பாதுகாப்பு நெறி. 110 பிஎஸ்ஐ டயருக்கு அந்த எல்லை 88. முதல் எச்சரிக்கை அதற்கு வெகு முன்பே, 99 பிஎஸ்ஐ அளவில் ஒலித்தால் ஓட்டுநருக்கு அவகாசம் கிடைக்கும்.

விதிகள் சொல்வது என்ன?

இந்தியாவில் 2020-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தம், டிபிஎம்எஸ் கருவியும் டயர் பழுது நீக்கும் பெட்டியும் உள்ள வாகனங்களுக்கு உதிரிச் சக்கரத்திலிருந்து விலக்கு அளித்தது. இச்சலுகை 3.5 டன் வரையிலான வாகனங்களுக்கே உரியது. கனரக லாரிகள் அதில் அடங்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலோ 2024 ஜூலை முதல் புதிய லாரிகள், பேருந்துகள், கனரக டிரெய்லர்களிலும் இக்கருவி கட்டாயமாகியுள்ளது.

வாங்கும் முன், சொந்த டிரெய்லரிலேயே சரக்குடன் ஒரு சோதனை ஓட்டம் நடத்துவது நல்லது. வண்டியை நிறுத்தி, கடைசி அச்சின் உட்புற டயரில் சிறிது காற்றை இறக்கி, எவ்வளவு நேரத்தில் எச்சரிக்கை வருகிறது என்று பார்க்க வேண்டும். பின்னர் அளவுமானியால் சரிபார்த்து, மீண்டும் உரிய அளவுக்குக் காற்று நிரப்ப வேண்டும். இந்தச் சோதனையில் தவறும் கருவி, திரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்த வண்டிக்கு ஏற்றதல்ல. தேறிய கருவியைப் பொருத்திய பிறகும், புறப்படும் முன் குளிர்ந்த டயர்களை அளவுமானியால் சோதிக்கும் வழக்கத்தைக் கைவிடக் கூடாது.